நூற்பாலை நெட்வொர்க்கில் எது எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரிந்துகொள்ள என்ன வழி?

வேடசந்தூர் நூல்:

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இரண்டு யூனிட், ஆபீஸ் கட்டடம், தொழிலாளர் விடுதி, இரண்டு கேட், ஒரு எடைமேடை. விலேன் (ஒரே ஸ்விட்ச்களில் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்) இரண்டே இரண்டு: கேமராக்களுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவர் 14 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கொடுத்துவிட்டுப் போன எக்செல் ஷீட்டில் 212 வரிகள் இருக்கின்றன. கடைசியாகத் திருத்தியது 2021-இல். நான் பிங் அடித்து ('இருக்கிறாயா' என்று ஒவ்வொரு முகவரியையும் கேட்டு)ப் பார்த்தால் 340-க்கு மேல் பதில் வருகிறது.

போன வாரம் காலை 9 மணிக்கு எடைமேடை கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை விட்டுப் போனது. போய்ப் பார்த்தால் 192.168.0 என்று தொடங்கும் ஒரு முகவரியை வாங்கி வைத்திருந்தது. எங்கள் முகவரிகள் எல்லாம் 10.20 என்று தொடங்குபவை. விடுதியில் யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டைச் சுவரில் செருகியிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க, லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போய்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது. ஏழு பஞ்சு லாரிகள் ரோட்டில் நின்றன.

அதற்கப்புறம் எல்லாச் சாதனங்களையும் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று, இணையத்தில் பார்த்த ஒரு என்மேப் (நெட்வொர்க்கைத் துழாவும் ஸ்கேனர்) கட்டளையை முழு நெட்வொர்க்குக்கும் பகல் 11 மணிக்கு ஓட்டினேன். டெஸ்பேட்ச் பிரின்டர் புரியாத எழுத்துகளாக 40 தாள் அடித்துத் தள்ளியது. நூலைக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் ஒன்றின் திரை உறைந்து, மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து ஆஃப் செய்து ஆன் செய்தார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. ஒன்று, உற்பத்தியைத் தொடாமல் எல்லாச் சாதனங்களையும் தானாகக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு, ஒரு சாதனம் எந்த ஸ்விட்சில் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல முடியுமா? மூன்று, 31 மேனேஜ்டு ஸ்விட்ச்கள் (உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடியவை) இருக்கின்றன, ஒவ்வொன்றாக உள்ளே போய் மாற்றுவதற்குப் பதிலாக ஒரே இடத்திலிருந்து மாற்ற முடியுமா? இலவச மென்பொருளாக இருந்தால்தான் அனுமதி கிடைக்கும்.

ரேக் 42:

நெட்பாக்ஸ் போடுங்க சகோ. எங்க கம்பெனியில் அதுதான். ரேக், கேபிள், ஐபி எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

செம்புக்கம்பி:

தம்பி, நெட்பாக்ஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது விடை இல்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் தங்கள் தேவைக்காக எழுதி 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். அது ஒரு பதிவேடு. எது எங்கே இருக்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் இடம். அதுவாக நெட்வொர்க்கைத் தேடிப் பார்க்காது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிரின்டர். 9100-ஆம் போர்ட்டில் (இது ஸ்விட்சில் கேபிள் செருகும் போர்ட் இல்லை, மென்பொருளின் வாசல் எண்) எது வந்தாலும் அச்சடிப்பதுதான் பிரின்டரின் வேலை. ஸ்கேனர் 'நீ யார்' என்று அனுப்பும் கேள்வியும் அதற்கு அச்சடிக்க வேண்டிய ஒரு பக்கம்தான். இது தெரிந்தே என்மேப்பில் 9100 முதல் 9107 வரை பதிப்புச் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்த கட்டளையில் 'ஆல்போர்ட்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருந்ததா பாருங்கள். அது அந்த விலக்கை எடுத்துவிடும். ஆட்டோகோனர் விஷயம் இதைவிடப் பெரியது. பழைய மெஷின் கன்ட்ரோலர்களின் நெட்வொர்க் கார்டு, ஒரே நேரத்தில் நூறு இணைப்பு வந்தால் தாங்காது. அந்தப் பக்கம் இனிமேல் போர்ட் ஸ்கேன் வேண்டாம். இரவிலும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம்.

வீடு வீடாகக் கதவைத் தட்டத் தேவையே இல்லை. அந்தத் தெருவுக்குப் பதினைந்து வருடமாகத் தபால் போடுபவரைக் கேட்டால் போதும். உங்கள் 31 ஸ்விட்ச்களும் அந்தத் தபால்காரர்கள். எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தெரியாமல் அவற்றால் ஒரு தகவல் பொட்டலத்தைக்கூடச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அந்த அறிவு ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதை வாங்கி ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வேலை.

உங்கள் எடைமேடையையே எடுத்துக்கொள்வோம். அதன் ஐபி 10.20.4.17 என்று வையுங்கள். கோர் ஸ்விட்சின் (மற்ற ஸ்விட்ச்கள் வந்து சேரும் நடு ஸ்விட்ச்) ஆர்ப் அட்டவணையைக் கேட்டால் அந்த ஐபிக்கு உரிய மேக் கிடைக்கும். அதே கோரின் மேக் அட்டவணையைக் கேட்டால், அந்த மேக் 24-ஆம் போர்ட் பக்கம் என்று சொல்லும். 24-இல் எல்எல்டிபி (பக்கத்து ஸ்விட்சுக்குத் தன்னை அறிவிக்கும் முறை) அண்டை யார் என்று கேட்டால் யூனிட் 2 ஸ்விட்ச் என்று வரும். அங்கே போய்க் கேட்டால் 7-ஆம் போர்ட். 7-இல் அண்டை ஸ்விட்ச் யாரும் இல்லை. அப்படியென்றால் எடைமேடை அங்கேதான் செருகியிருக்கிறது. நான்கு கேள்வி, ஒரு கேபிளையும் பிடுங்கவில்லை. அந்த வீட்டு ரவுட்டரின் மேக்கை வைத்து இதையே செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விடுதி அறைக்கே போயிருக்கலாம்.

இந்த நடையை 31 ஸ்விட்சிலும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் தகவல் கேட்கும் முறை) வழியாக இடைவிடாமல் செய்துகொண்டே இருப்பதுதான் நெட்டிஸ்கோ என்ற இலவச மென்பொருள். பெர்லில் எழுதியது, தகவலைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைக்கும். ஒரு ஸ்விட்சின் முகவரியைக் கொடுத்தால் அதன் அண்டை, அண்டையின் அண்டை என்று தானாக நடந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். மேக் அட்டவணையை ஒரு வேலையாகவும் ஆர்ப் அட்டவணையைத் தனி வேலையாகவும் எடுத்து, கடைசியாக எப்போது எங்கே பார்த்தேன் என்ற வரலாற்றோடு வைத்திருக்கும். எனக்கு இதில் பிடித்ததே அந்த வரலாறுதான். ஸ்விட்ச் 300 விநாடி பேச்சில்லாத மேக்கைப் பெரும்பாலும் மறந்துவிடும். சிஸ்கோ ரவுட்டர் ஆர்ப்பை 4 மணி நேரம் வைத்திருக்கும். அதனால் தூங்கிக்கொண்டிருக்கும் பிரின்டருக்கு ஐபி தெரியும், போர்ட் தெரியாது என்ற நிலை அடிக்கடி வரும். வரலாறு இருந்தால் நேற்று எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் லிப்ரேஎன்எம்எஸ் இன்னொரு வழி. அதுவும் எல்எல்டிபி, ஆர்ப் வழியாகத் தேடும். போர்ட் டிராஃபிக் வரைபடம், அலர்ட் எல்லாம் அதில் நன்றாக இருக்கும். 'எங்கே செருகியிருக்கிறது' என்ற கேள்விக்கு நான் நெட்டிஸ்கோவைத்தான் திறப்பேன். இரண்டையும் ஒரே சர்வரில் வைத்திருக்கிறேன், சண்டை இல்லை.

தொடங்கும் முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். எல்எல்டிபி 2005-இல் 802.1ஏபி என்ற எண்ணில் வந்த தரம். 30 விநாடிக்கு ஒருமுறை 'நான் இன்னார், இது என் இன்ன போர்ட்' என்று பக்கத்துக்காரருக்கு மட்டும் சொல்லும். பல சிஸ்கோ மாடல்களில் சிடிபி (இதே வேலைக்கு சிஸ்கோவின் சொந்த முறை) ஓடும், எல்எல்டிபி அணைந்திருக்கும். இரண்டு கம்பெனி ஸ்விட்ச்கள் கலந்து இருந்தால் நடுவில் சங்கிலி அறுந்துவிடும். எல்லாவற்றிலும் போட்டுவிடுங்கள். அடுத்தது எஸ்என்எம்பி. அதில் கடவுச்சொல் போலப் பயன்படும் பெயரை 'பப்ளிக்' என்றே விட்டிருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். 'பிரைவேட்' என்று எழுதும் அனுமதியோடு ஒன்று கிடந்தால் அதை நீக்கியே விடுங்கள். ஸ்விட்ச் ஏற்றுக்கொண்டால் மூன்றாம் பதிப்பு, கடவுச்சொல்லும் மறையாக்கமும் சேர்த்து. இரண்டாம் பதிப்பில் அந்தப் பெயர் கம்பியில் அப்படியே வெளிப்படையாகப் போகும். எந்தப் பதிப்பாக இருந்தாலும் நெட்டிஸ்கோ சர்வரின் முகவரிக்கு மட்டும் 161-ஆம் போர்ட்டில் பதில் சொல்லும்படி கட்டிவையுங்கள். படிக்கும் அனுமதி மட்டும்.

மூன்றாவது, கேமராக்கள். அவை ரெக்கார்டரோடு மட்டும் பேசும், கேட்வே (அடுத்த நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) பக்கமே வராது. அதனால் கோரின் ஆர்ப்பில் தெரியாது. நெட்டிஸ்கோவில் மேக் இருக்கும், ஐபி காலியாக இருக்கும். கேமரா விலேனுக்குள் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியை வைத்து அங்கிருந்து ஆர்ப் ஸ்கேன் ('இந்த ஐபி யாருடையது' என்று கேட்பது) மட்டும் செய்யுங்கள். ஆர்ப் 1982-இலிருந்து இருக்கிறது, ஐபிவி4 பேசும் எல்லாச் சாதனமும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு போர்ட்டையும் தட்டாது. ஆன்விஃப் (கேமராக்களுக்கான பொதுத் தரம்) கேமராவாக இருந்தால் 3702-ஆம் போர்ட்டில் மல்டிகாஸ்டாக, அதாவது எல்லாக் கேமராக்களையும் ஒரே நேரத்தில், கேட்டால் மாடல் பெயரோடு பதில் தரும்.

விடுதி ஃபோன்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு ஃபோன்கள் வைஃபையில் உண்மையான மேக்கைக் காட்டுவதில்லை. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் தானாக உருவாக்கிய முகவரி. உங்கள் 340-இல் எத்தனை அப்படி என்று எண்ணிப் பாருங்கள். விடுதியைத் தனி விலேனில் பிரிப்பதுதான் சரி.

கடைசியாக ஒன்று. வீட்டு ரவுட்டர் விஷயத்துக்குக் கண்டுபிடிப்பு மட்டும் மருந்தாகாது. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போடுங்கள். உங்கள் சர்வர் இருக்கும் திசையை மட்டும் நம்பு, மற்றப் போர்ட்டிலிருந்து யார் முகவரி கொடுத்தாலும் தடு என்று ஸ்விட்சிடம் சொல்வது அது. லாரி ரோட்டில் நிற்காமல் இருக்க அதுதான் வழி.

நொய்யல்:

செம்புக்கம்பி அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் 18 ஸ்விட்ச்களுக்கு 40 என்ற புது விலேனை டிரங்க்கில் (ஸ்விட்ச்களை ஒன்றோடொன்று இணைக்கும் போர்ட்) சேர்க்க வேண்டியிருந்தது. ஆன்சிபிளில் (பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து மாற்றும் மென்பொருள்) எழுதி ஒரே தடவையில் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். சிஸ்கோவில் 'அலவ்டு விலேன் 40' என்று மட்டும் எழுதினால், இருக்கிற பட்டியலோடு 40 சேராது. பட்டியலே 40 மட்டும் என்று ஆகிவிடும். நடுவில் 'ஆட்' என்ற ஒரு சொல் வேண்டும். நான் எழுதவில்லை. மேனேஜ்மென்ட் விலேன் (ஸ்விட்ச்களுக்குள் நாம் நுழையும் வழி) உட்பட எல்லாம் போய்விட்டன. ஒவ்வொரு கட்டடமாகக் கன்சோல் கேபிளோடு (ஸ்விட்சில் நேரடியாகச் செருகுவது) ஏறி இறங்கினேன். முடிக்கும்போது ராத்திரி ஒன்றரை மணி. கையால் ஒரே ஸ்விட்சில் செய்திருந்தால் முதல் தவறிலேயே நின்றிருப்பேன். தானியங்கி என்றால் சரியும் வேகமாகப் பரவும், தவறும் அதே வேகத்தில் பரவும் என்பதை அன்றைக்கு அந்த ஏணி மேல் நின்றுதான் புரிந்துகொண்டேன்.

அதனால் தம்பி, முதல் இரண்டு மாதம் படிக்க மட்டும் செய்யுங்கள். ஆக்ஸிடைஸ்டு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சிலும் நுழைந்து கான்ஃபிக்கை (அதன் அமைப்புக் கோப்பு) எடுத்து கிட்டில் (மாற்றங்களை வரலாற்றோடு வைக்கும் மென்பொருள்) சேர்க்கும். நேற்றுக்கும் இன்றைக்கும் எந்த வரி மாறியது என்று பச்சையும் சிவப்புமாகத் தெரியும். ஒரு ஸ்விட்ச் எரிந்துபோனால் புதியதை வாங்கி அதே கான்ஃபிக்கை ஏற்றிவிடலாம். உங்களுக்கு முன்னால் இருந்தவர் மனதில் இருந்ததெல்லாம் எக்செல்லில் இல்லை, கான்ஃபிக்கில் கொஞ்சம் இருக்கும்.

மாற்றத் தொடங்கும்போது ஆன்சிபிளில் 'சீரியல்' மதிப்பை 1 என்று வையுங்கள், ஒன்று முடிந்து சரி என்றால்தான் அடுத்ததற்குப் போகும். ஒன்று தோற்றால் அங்கேயே நிற்கச் சொல்லி எழுதுங்கள். சிஸ்கோவில் மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' போட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் அதுவே மறுதொடக்கமாகிப் பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும், சேமிக்காமல் இருந்தால் மட்டும். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இதே வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யும்.

ரேக் 42:

நெட்டிஸ்கோ கண்டுபிடித்ததை அப்படியே நெட்பாக்ஸில் தானாக ஏற்றிவிட்டால் இரண்டும் கிடைத்துவிடுமே? ஸ்கிரிப்ட் எழுதுவது ஒரு நாள் வேலை.

செம்புக்கம்பி:

முதல் தடவை மட்டும் அப்படிச் செய்யலாம், ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. தினமும் அப்படிச் செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். விடுதியில் செருகிய அந்த வீட்டு ரவுட்டரை யோசியுங்கள். அன்று காலை 9 மணிக்கு உங்கள் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால், அது முறையான சாதனமாகப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அதற்கப்புறம் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். இருக்க வேண்டியதை மனிதர் எழுத வேண்டும், இருப்பதை இயந்திரம் எழுத வேண்டும். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை மட்டும் காலையில் மின்னஞ்சலில் அனுப்புவது. அந்த மின்னஞ்சல் பெரும்பாலான நாட்களில் காலியாக வர வேண்டும்.

நிர்வாகத்திடம் சர்வருக்கு அனுமதி கேட்கும்போது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவைக் காட்டுங்கள். கம்பெனிகள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்த ஐபி எந்தச் சாதனம் என்றே தெரியாமல் அந்தப் பதிவுகளை வைத்திருந்து பயன் இல்லை.

வேடசந்தூர் நூல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனதார நன்றி.

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் போட்டு நெட்டிஸ்கோவும் ஆக்ஸிடைஸ்டும் ஓடுகின்றன. எல்எல்டிபியை எல்லா ஸ்விட்சிலும் போட்ட அன்று மாலையே 31 என்று நினைத்தது 34 ஆனது. மூன்று ஸ்விட்ச்களுக்குக் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. பழைய அண்ணனுக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்ற பிறகும் இரண்டு கடவுச்சொல்லை மனப்பாடமாகச் சொன்னார். மூன்றாவதை நேரில் வந்து மீட்டுக் கொடுத்தார், டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அண்டை ஸ்விட்ச் இல்லாமல் ஒரே போர்ட்டில் ஐந்து, ஆறு மேக் தெரியும் இடங்கள் 11 இருந்தன. எல்லாம் கடையில் வாங்கிய மேனேஜ் செய்ய முடியாத சிறு ஸ்விட்ச்கள். ஒன்றைத் தேடி யூனிட் 1-இல் ஏர்கண்டிஷன் பிளான்ட் குழாய்க்குப் பின்னால் கையை விட்டேன். கையில் பஞ்சுதான் வந்தது. இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு படிந்து, உள்ளே எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று கை சுடும் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு பஞ்சுக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தது. ரிங் ஃபிரேம் ஷெட்டில் அது தீப்பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கே கழற்றிவிட்டு, தூசு புகாத பெட்டியில் மேனேஜ்டு ஸ்விட்ச் போட அனுமதி வாங்கிவிட்டேன்.

எக்செல்லில் இருந்த 212-இல் 47 இப்போது இல்லவே இல்லை. 'கேட் 2 கேமரா' என்று எழுதியிருந்தது கேன்டீனில் இருக்கிறது. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் விடுதி ஸ்விட்ச்களில் போட்டாகிவிட்டது, மற்றவை இந்த மாதத்துக்குள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு மேக் காலை 6, பகல் 2, இரவு 10 மணியை ஒட்டி மட்டும் வருகிறது. ஐபி இல்லை. முதலில் ப்ளோ ரூம் ஸ்விட்ச், அப்புறம் கார்டிங், அப்புறம் யூனிட் 2. ஒரே மேக் மூன்று இடத்தில். லூப் (கேபிள் சுற்றி வந்து அதே நெட்வொர்க்கில் சேர்வது) ஏதாவது இருக்குமோ என்று பயந்து அந்த மூன்று ஸ்விட்ச்களுக்கும் மேக் எடுக்கும் இடைவெளியை 5 நிமிடமாகக் குறைத்திருக்கிறேன்.

செம்புக்கம்பி:

அந்த ஸ்விட்சைக் கழற்றியதற்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் தம்பி. இவ்வளவு நாள் தேடியது அந்த ஒன்றுக்காகவே போதும்.

லூப் என்றால் மேக் ஒரு விநாடிக்குள் பல தடவை போர்ட் மாறும், ஸ்விட்ச் லாகில் மழை மாதிரி எச்சரிக்கை கொட்டும். உங்களுக்கு ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம்?

வேடசந்தூர் நூல்:

நேற்றைய பதிவில் 1.50, 2.05, 2.20. எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

செம்புக்கம்பி:

பதினைந்து நிமிட இடைவெளி, ஷிஃப்ட் மாறும் நேரம், எப்போதும் அதே வரிசை. அது கையில் எதையோ எடுத்துக்கொண்டு நடக்கும் ஒரு ஆள். நாளை 1.45-க்கு ப்ளோ ரூம் ஸ்விட்ச் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

வேடசந்தூர் நூல்:

நின்றேன். 1.50-க்கு எலெக்ட்ரிகல் அண்ணன் லேப்டாப்போடு வந்தார். யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை மாட்டி, எனர்ஜி மீட்டர் பேனல் பக்கத்தில் தொங்கிய கேபிளில் செருகினார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மின்சார யூனிட் கணக்கை இறக்கி எடுத்துக்கொண்டு அடுத்த பேனலுக்குப் போகிறார். மீட்டருக்கும் அவருடைய லேப்டாப்புக்கும் கையால் போட்ட தனி ஐபி, அதனால்தான் எங்கள் ஆர்ப்பில் வரவில்லை. ஆறு வருடமாக மூன்று ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன்களும் இப்படித்தான் நடக்கிறார்களாம், அடாப்டர் ஒன்றுதான், கைமாறிக்கொண்டே இருக்கிறது.

மூன்று மீட்டர்களையும் தனி விலேனில் போட்டு, கணக்கைத் தானாக எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மீட்டர்கள் மாட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொழி) பேசுகின்றன. நொய்யல் அக்கா, 502-ஆம் போர்ட்டில் படிக்க மட்டும் அனுமதித்து எழுதுவதைத் தடுக்க ஸ்விட்ச் மட்டத்தில் வழி இருக்கிறதா, இல்லை நடுவில் வேறு ஏதாவது வைக்க வேண்டுமா?

நொய்யல்:

ஸ்விட்சின் ஏசிஎல் (யார் எங்கே போகலாம் என்ற அனுமதிப் பட்டியல்) போர்ட் எண்ணோடு நின்றுவிடும், உள்ளே படிக்கும் கட்டளையா எழுதும் கட்டளையா என்று பார்க்காது. 502-க்கு உங்கள் சர்வர் ஒன்று மட்டும் போகலாம் என்று கட்டிவிடுங்கள். மீட்டரிலேயே எழுதுவதைப் பூட்டும் அமைப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஸ்கிரிப்டில் 3, 4 ஆகிய இரண்டு ஃபங்ஷன் எண்களை மட்டும் பயன்படுத்துங்கள், அவை படிப்பதற்கானவை. மீட்டர் மாடலை இங்கே போடுங்கள், இன்று ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.